ஒரு சிஇஓ, இரண்டு கம்பெனி: பகிர்ந்துகொண்ட தலைமை எங்கே தாங்கியது, எங்கே விரிசல் விட்டது

வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் மட்டும் வரும் சிஎஃப்ஓ (நிதித் தலைவர்), மூன்று கம்பெனிக்குப் பொதுவான மார்க்கெட்டிங் தலைவர், மாதக் கட்டணத்துக்கு வேலை பார்க்கும் சிடிஓ (தொழில்நுட்பத் தலைவர்) எல்லாம் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஃபிராக்‌ஷனல் எக்சிகியூட்டிவ் என்று சொல்கிறார்கள். முழுநேரமாக வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாத ஒரு அனுபவசாலியை, தேவையான அளவுக்கு மட்டும் அமர்த்திக்கொள்வதுதான் விஷயம். யோசனை நல்லதுதான். ஆனால் இதைப் பரிந்துரைப்பவர்களில் பலரும் சம்பளக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுநேரச் செலவில் ஒரு பகுதிதான், அனுபவம் மட்டும் முழுசாகக் கிடைக்கும், வேறென்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

வேறென்ன வேண்டும் என்பதைப் பார்க்க ஒரு அருமையான வழக்கு இருக்கிறது. சின்னக் கம்பெனிகளின் ஒப்பந்தங்கள் வெளியே வராது, சண்டை வந்தாலும் நான்கு சுவருக்குள் முடிந்துவிடும். பங்குச் சந்தையில் இருக்கும் இரண்டு கம்பெனிகள் ஒரே ஆளைப் பங்கு போட்டுக்கொண்டால் அப்படி மறைக்க முடியாது, ஒவ்வொரு திருப்பமும் ஆவணமாகப் பொதுவெளிக்கு வந்துவிடும். ட்விட்டரும், வியாபாரிகள் கார்டு வழியாகப் பணம் வாங்க உதவும் ஸ்கொயரும் 2015 முதல் 2021 வரை ஜாக் டோர்சியைப் பகிர்ந்துகொண்ட ஆறு வருடம் அப்படிப்பட்டது.

டோர்சி இரண்டையும் ஆரம்பித்தவர்களில் ஒருவர், மாதக் கட்டணத்துக்கு அமர்த்தப்பட்டவர் இல்லை என்ற வித்தியாசம் தெரிந்துதான் இதை எடுக்கிறேன். சொல்லப்போனால் அந்த வித்தியாசம் பாடத்தை இன்னும் கூர்மையாக்குகிறது. நிறுவனருக்குப் பணியாளர்கள் கொடுக்கும் சலுகை, வெளியிலிருந்து வரும் பகுதிநேரத் தலைவருக்குக் கிடைக்காது. நிறுவனருக்கே இவ்வளவு இழுபறி என்றால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்பாடு உருவான விதம்

2006-ல் தொடங்கிய ட்விட்டர் 2007-ல் தனிக் கம்பெனியானபோது டோர்சி அதன் முதல் சிஇஓ ஆனார், 2008 அக்டோபரில் அந்தப் பதவியை இழந்தார். 2009-ல் ஜிம் மெக்கெல்வியோடு சேர்ந்து ஸ்கொயரைத் தொடங்கினார். 2011-ல் ட்விட்டருக்குச் செயல் தலைவராகத் திரும்பி வந்தபோதும் ஸ்கொயர் சிஇஓ வேலை கையில்தான் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் தினம் எட்டு மணி நேரம் என்று அப்போது கணக்குச் சொன்னார், வாரத்தையும் பிரித்து வைத்திருந்தார். திங்கள் நிர்வாகத்துக்கு, செவ்வாய் தயாரிப்புக்கு, புதன் மார்க்கெட்டிங்குக்கும் வளர்ச்சிக்கும், வியாழன் டெவலப்பர்களுக்கும் கூட்டாளிகளுக்கும், வெள்ளி ஆள் எடுப்பதற்கும் கம்பெனிக் கலாசாரத்துக்கும். சனி ஓய்வு, ஞாயிறு அடுத்த வாரத்துக்கான யோசனை. படிக்க அழகாக இருக்கிறது. இன்றைக்கு ஃபிராக்‌ஷனல் ஆட்கள் தங்கள் வாரத்தைப் பிரித்துக் காட்டுவதும் ஏறக்குறைய இதே பாணிதான். தலைப்பு வைத்துப் பிரித்த நாட்களில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, ஒரே வகை முடிவுகள் ஒரே நாளில் வருவதால் மனசு தாவித் தாவி ஓட வேண்டியதில்லை. ஒரு சிக்கலும் இருக்கிறது, பிரச்சினைகள் இந்தக் கால அட்டவணையைப் படித்துவிட்டு வருவதில்லை.

2015 ஜூனில் ட்விட்டர் சிஇஓ டிக் காஸ்டோலோ விலகப் போவதாக அறிவிப்பு வந்தது. ஜூலை 1 முதல் டோர்சி இடைக்கால சிஇஓ. நிரந்தர ஆளைத் தேடிய போர்டு (இயக்குநர் அவை) குழு, ட்விட்டருக்கு முழுநேரமும் தரக்கூடியவர்களை மட்டுமே பரிசீலிப்போம் என்று எழுத்திலேயே சொன்னது. யாரை மனதில் வைத்துச் சொன்னார்கள் என்று எல்லோருக்கும் புரிந்தது. அப்புறம் அக்டோபர் 5-ம் தேதி அதே டோர்சியை நிரந்தர சிஇஓ என்று அறிவித்தார்கள், ஸ்கொயர் பதவியையும் அவர் விடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். போர்டு மனசு மாறியதில் தப்பில்லை, நல்ல ஆள் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது எங்கும் நடப்பதுதான். ஆனால் முழுநேரம் வேண்டும் என்று ஏன் கேட்டார்கள்? அந்தக் காரணம் நிபந்தனையோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை. முழுநேர ஆள் இல்லாததால் வரும் ஓட்டையை வேறு எதை வைத்து அடைப்பது என்பதற்கு, வெளியில் தெரிந்த வரையில், தலைமை இயக்க அதிகாரி என்று ஒருவரை நியமித்ததுதான் முக்கியமான விடை. விளம்பர வருமானத்தைக் கவனித்துவந்த ஆடம் பெய்ன் அதே நேரத்தில் சிஓஓ ஆனார். சரியான விடைதான். அந்த விடை எத்தனை நாள் நின்றது என்பதில்தான் கதையே இருக்கிறது.

இன்னொரு பக்கம் ஸ்கொயர். டோர்சி நியமனம் முடிந்து சில நாட்களிலேயே, அக்டோபர் 14-ம் தேதி, ஸ்கொயர் தன் பங்கு வெளியீட்டு ஆவணத்தை வெளியிட்டது. அதில் முதலீட்டாளர்களுக்கான அபாயங்கள் பட்டியலில், எங்கள் சிஇஓ ட்விட்டருக்கும் சிஇஓ, அதனால் ஸ்கொயருக்கு அவர் தரும் நேரமும் கவனமும் உழைப்பும் சில சமயம் பாதிக்கப்படலாம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள். நவம்பர் 19-ல் பங்கு சந்தைக்கு வந்தது. 11 முதல் 13 டாலர் வரை என்று எதிர்பார்த்த விலையை 9 டாலராகக் குறைத்துத்தான் விற்க முடிந்தது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன, சிஇஓவின் இரட்டை வேலை மேல் மட்டும் பழி போட முடியாது. எனக்குப் பிடித்தது அந்த வரிதான். பகிர்ந்துகொண்ட ஆள் ஓர் அபாயம் என்பதை ஸ்கொயர் சட்ட ஆவணத்தில் ஒப்புக்கொண்டு எழுதிவைத்தது. பகுதிநேர சிஎஃப்ஓ வைத்திருக்கும் எத்தனை சின்னக் கம்பெனிகள் தங்கள் வங்கிக்கும் முதலீட்டாளருக்கும் இதை நேராகச் சொல்கின்றன?

ஒரே தெரு, இரண்டு அலுவலகம்

அப்போது சான் பிரான்சிஸ்கோவில் ட்விட்டர் தலைமையகம் இருந்தது மார்க்கெட் ஸ்ட்ரீட் 1355-ல். ஸ்கொயர் இருந்தது அதே தெருவில் 1455-ல். நடந்தே போய்விடலாம். ஒரு ஆளை இரண்டு இடம் பகிர்ந்துகொள்வதற்கு இதைவிட வசதியான அமைப்பு கிடைக்காது, பயண நேரம் என்ற சாக்கே இல்லை. அப்படியும் பிரச்சினை வந்தது என்பதால், தூரம் இதில் முதல் காரணம் இல்லை என்று தள்ளிவிடலாம். இன்று வீடியோவில் வேலை பார்க்கும் ஃபிராக்‌ஷனல் ஆட்கள், தொலைவு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்வது சரிதான். தொலைவைத் தீர்த்துவிட்டதால் மற்றதெல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் சரியில்லை.

சம்பளமும் பெரிய விஷயமாக இல்லை. ட்விட்டரில் முதல் சில வருடம் எதுவும் வாங்காமல் இருந்து, 2018-க்கு 1.40 டாலர் வாங்கினார், பழைய 140 எழுத்து வரம்பின் ஞாபகமாக. ஸ்கொயரில் வருடத்துக்கு 2.75 டாலர், கார்டு பரிவர்த்தனைக்கு அவர்கள் வாங்கிய 2.75 சதவீதக் கட்டணத்தின் ஞாபகமாக. வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். பங்கு உடைமையைப் பார்த்தால் படம் மாறிவிடுகிறது. 2020 வாக்கில் ட்விட்டரில் அவருக்கு இருந்தது 2 சதவீதத்தை ஒட்டிய பங்கு. ஸ்கொயரில் அதைவிடப் பல மடங்கு, அதுவும் கூடுதல் ஓட்டுரிமை உள்ள பங்குகள். சம்பளம் இரண்டிலும் ஒன்றுமில்லை, ஆனால் அவர் சொத்தின் பெரும்பகுதி ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. அவர் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அப்படிச் சொல்லவும் வரவில்லை. ட்விட்டரில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் எழ இது ஒன்றே போதும் என்றுதான் சொல்கிறேன்.

இரண்டு கம்பெனிகளும் ஒன்றோடொன்று வியாபாரமும் செய்தன. 2015 செப்டம்பரில், டோர்சி ட்விட்டருக்கு இடைக்கால சிஇஓவாக இருந்தபோதே, அமெரிக்கத் தேர்தல் வேட்பாளர்களுக்கு ட்வீட் வழியாக நன்கொடை கொடுக்கும் வசதி வந்தது, பணத்தைக் கையாண்டது ஸ்கொயர். இந்த ஒப்பந்தத்தில் ட்விட்டருக்காகப் பேசுவது யார், ஸ்கொயருக்காகப் பேசுவது யார்? பெரிய கம்பெனிகளில் இதற்கென்று சட்ட ஆட்களும் தணிக்கைக் குழுவும் இருப்பார்கள். உங்கள் பகுதிநேர மார்க்கெட்டிங் தலைவர், தான் வேலை பார்க்கும் இன்னொரு கம்பெனியின் மென்பொருளை உங்களுக்குப் பரிந்துரைக்கும்போது யார் இருப்பார்கள்?

இரண்டாம் வரிசை

இந்த வழக்கை நான் படிப்பது இப்படித்தான்: பகிர்ந்துகொண்ட தலைமை எவ்வளவு தாங்கும் என்பது அந்த ஆள் வராத நாளில் முடிவெடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. இரண்டு கம்பெனிகளுக்கும் ஒரே தலை, ஒரே வாரம், ஒரே தெரு. வித்தியாசப்பட்டது இரண்டாம் வரிசை.

ஸ்கொயரில் சிஎஃப்ஓ சாரா ஃப்ரையர் 2012-ல் வந்து 2018 இறுதி வரை இருந்தார். ஆவணத்தில் பதவி சிஎஃப்ஓதான், ஆனால் முதலீட்டாளர்களிடம் கம்பெனியின் முகமாகவே இருந்தார். வியாபாரிகளுக்கான பிரிவை அலிசா ஹென்றி 2014 முதல் நடத்தினார், பணம் அனுப்பும் செயலியான கேஷ் ஆப் பக்கம் பிரயன் கிராசடோனியா. பிரிவுக்குப் பிரிவு முழுநேரத் தலைவர், வருடக்கணக்கில் அதே ஆட்கள். ஃப்ரையர் விலகும் செய்தி வந்தபோது பங்கு விலை சரிந்தது. சந்தைக்கு யாரை நம்பி இந்த வண்டி ஓடுகிறது என்று தெரிந்திருந்தது.

ட்விட்டரில் நடந்தது வேறு. 2016 ஜனவரி இறுதியில் பொறியியல், தயாரிப்பு, மீடியா, மனிதவளம் ஆகிய நான்கு பிரிவுகளின் தலைவர்களும் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். அந்த வருட இலையுதிர் காலத்தில் கம்பெனியை விற்பது பற்றிப் பேச்சு நடந்தது, சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருள் கம்பெனி பார்த்துவிட்டு வேண்டாம் என்று நகர்ந்தது. அக்டோபரில் சுமார் 9 சதவீதப் பணியாளர்களைக் குறைப்பதாக அறிவிப்பு, அதே நாளில் அதன் குட்டி வீடியோ செயலியான வைனை மூடும் அறிவிப்பு. நவம்பரில் ஆடம் பெய்ன் போய்விட்டார்.

அடுத்துச் செய்ததைக் கவனியுங்கள். சிஎஃப்ஓவாக இருந்த ஆன்டனி நோட்டோவைச் சிஓஓ ஆக்கினார்கள், சிஎஃப்ஓ வேலையும் அவரிடமே இருந்தது. 2017 ஆகஸ்டில் நெட் சீகல் சிஎஃப்ஓவாக வரும் வரை பல மாதம் இப்படியே போனது. அதாவது பாதி நேரத் தலைவருக்கு அடுத்த இடத்தில் இருந்தவரும் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு 2018 ஜனவரியில் நோட்டோவும் வேறு கம்பெனிக்கு சிஇஓவாகப் போனார், அவர் வேலைகளை மற்ற அதிகாரிகள் பிரித்துக்கொண்டார்கள். 2015-ல் பகுதிநேர சிஇஓவுக்கு ஈடாகக் கொடுத்த முட்டு அத்தோடு எடுபட்டுப் போனது.

ஒப்பிட ஸ்டீவ் ஜாப்ஸ் இருக்கிறார். 1997-ல் ஆப்பிளுக்கு இடைக்கால சிஇஓவாகி, 2000-ல் நிரந்தரமாகி, 2006-ல் டிஸ்னி வாங்கும் வரை அனிமேஷன் படக் கம்பெனியான பிக்சாருக்கும் சிஇஓவாக இருந்தார். டோர்சியை ஆதரித்தவர்கள் அடிக்கடி காட்டிய உதாரணம் இதுதான். ஆனால் பிக்சாரைத் தினமும் நடத்தியவர்கள் எட் கேட்மலும் ஜான் லாசெட்டரும், ஜாப்ஸ் வருவதற்கு முன்பே அங்கிருந்து அவர் காலம் முடிந்தும் தொடர்ந்தவர்கள். படம் எடுப்பதில் ஜாப்ஸ் கை வைக்கவில்லை. அங்கே அவர் செய்தது பணம், பேரம், டிஸ்னியோடு ஒப்பந்தம். கூர்ந்து பார்த்தால் ஒழுங்காக வரையறுக்கப்பட்ட ஃபிராக்‌ஷனல் வேலை அதுதான்.

காலி நாற்காலி

ட்விட்டர் கதையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தெரிவது டோர்சி சம்பந்தப்பட்ட பகுதிகூட இல்லை. 2020 ஜூலை 15-ம் தேதி பராக் ஒபாமா, ஜோ பைடன், ஈலான் மஸ்க் போன்றவர்களின் கணக்குகளைக் கைப்பற்றி பிட்காயின் மோசடி செய்தார்களே, அது. நடந்த விதம் சினிமாத்தனமாக ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த பணியாளர்களுக்கு ஃபோன் போட்டு, நாங்கள் கம்பெனி ஐடி உதவி மையத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் விபிஎன் (வீட்டிலிருந்து கம்பெனி அமைப்புக்குள் நுழையும் இணைப்பு) பிரச்சினையைச் சரிசெய்கிறோம் என்று சொல்லிப் பாஸ்வேர்டை வாங்கிவிட்டார்கள். மாட்டியவர்களில் முக்கியமானவனுக்கு வயது 17.

நியூயார்க் மாநில நிதிச் சேவைகள் துறை விசாரித்து அக்டோபரில் அறிக்கை வெளியிட்டது. அதில் ஒரு விஷயம்: தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி என்ற பதவி 2019 டிசம்பரிலிருந்து, அதாவது தாக்குதலுக்கு முந்தைய ஏழு மாதமாக, காலியாக இருந்தது. செப்டம்பரில்தான் புதியவர் வந்தார். பெருந்தொற்று வந்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய அந்த மாதங்களில்தான் அந்த நாற்காலி வெறுமையாக இருந்திருக்கிறது.

ஃபிராக்‌ஷனல், இடைக்கால ஆட்களின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பகுதிநேர ஆள் முழுநேர ஆளுக்கு ஈடாவாரா என்று விவாதம் செய்துகொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலான நேரம் கண் முன் இருக்கும் தெரிவு அதுவே இல்லை, பகுதிநேர ஆளா அல்லது யாருமே இல்லையா என்பதுதான். சரியான ஆளைத் தேடி மாதங்கள் ஓடும்போது, வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, யாருக்கு எந்த அணுகல் இருக்கிறது என்று பட்டியல் எடுத்து, ஐடி உதவி மையத்திலிருந்து ஃபோன் வந்தால் நீங்கள் திருப்பிக் கூப்பிடுங்கள் என்று ஒரு விதியை மட்டும் போட்டுவிட்டுப் போகிற ஓர் அனுபவசாலி, காலி நாற்காலியைவிட எவ்வளவோ மேல். அவர் இருந்திருந்தால் அந்தத் தாக்குதல் நடந்தே இருக்காது என்று சொல்லவில்லை. கேள்வி கேட்கும் பொறுப்பு ஒருவருடையதாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

எலியட் கதவைத் தட்டியது

2019 நவம்பரில் ஆப்பிரிக்கப் பயணத்தை முடித்த டோர்சி, அடுத்த வருடம் மூன்று முதல் ஆறு மாதம் அங்கே தங்கியிருக்கப் போவதாக ட்வீட் போட்டார். இரண்டு கம்பெனிக்கு சிஇஓ, இப்போது வேறொரு கண்டத்திலிருந்து. 2020 பிப்ரவரி கடைசியில் எலியட் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிறுவனம் ட்விட்டரில் கணிசமான பங்கு வாங்கியிருப்பதும், சிஇஓவை மாற்ற நெருக்குவதும் செய்தியானது. ஸ்கொயர் பக்கம் இப்படி யாரும் போகவில்லை. போகவும் முடியாது, அங்கே ஓட்டுரிமை அவர் கையில்.

டோர்சி அப்போது சொன்ன பதில், இரண்டு கம்பெனியிலும் எது முக்கியம் என்று எனக்குத் தெரியும், அதில் கவனம் செலுத்த என் நேரத்தில் போதுமான நெகிழ்வு இருக்கிறது என்ற ரீதியில் இருந்தது. இதே பதிலைப் பகுதிநேரத் தலைவர்கள் பலரும் சொல்லிக் கேட்டிருக்கலாம். பொய்யில்லை. அவருக்கு எது முக்கியம் என்று தெரிவது ஒன்று, அந்த முக்கியமான விஷயம் இரண்டு இடத்திலும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் எங்கே போவார் என்பது இன்னொன்று.

மார்ச் 9-ல் சமரசம் ஏற்பட்டது. சில்வர் லேக் என்ற இன்னொரு முதலீட்டு நிறுவனம் 100 கோடி டாலர் முதலீடு செய்தது, எலியட்டுக்குப் போர்டில் இடம், தலைமை அமைப்பையும் அடுத்த சிஇஓ திட்டத்தையும் ஆராய ஒரு தற்காலிகக் குழு. தினசரிப் பயனர் எண்ணிக்கை வருடத்துக்கு 20 சதவீதமோ அதற்கு மேலோ வளர வேண்டும் என்ற இலக்கும் வெளிப்படையாக வைக்கப்பட்டது. நவம்பரில் அந்தக் குழு இப்போதைய அமைப்பே தொடரட்டும் என்று சொல்லிவிட்டது. பயனர்கள் 2019 கடைசிக் காலாண்டில் 15.2 கோடி, 2020 கடைசிக் காலாண்டில் 19.2 கோடி. பெருந்தொற்றும் அமெரிக்கத் தேர்தலும் உதவின என்றாலும் இலக்கு தாண்டியது உண்மை.

அதனால் இதைத் தோல்விக் கதை என்று எழுதினால் நியாயமாகாது. ட்விட்டர் தன் வரலாற்றில் முதல் லாபக் காலாண்டைப் பார்த்ததும் டோர்சி காலத்தில்தான், 2017-ன் கடைசிக் காலாண்டில். இலக்கு எழுத்தில் இருந்தபோது, கேட்பதற்கு ஆள் இருந்தபோது, பகிர்ந்துகொண்ட அதே சிஇஓ எட்டிக் காட்டினார். அதற்கு முந்தைய நாலரை வருடத்தில் போர்டு தானாகவே இதைச் செய்திருக்கலாம், வெளியிலிருந்து ஒருவர் வந்து மேசையைத் தட்டும் வரை காத்திருந்தது.

சின்னக் கம்பெனிக்கு இதில் என்ன

ஒரு பகுதிநேர சிஎஃப்ஓவை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதிகம் பகிரப்படும் பதவிகளில் அதுவும் ஒன்று. அவரிடம் நேர்காணலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அனுபவம் பற்றியது இல்லை, அது அவருடைய விவரக் குறிப்பிலேயே இருக்கும். உங்கள் மற்ற கம்பெனிகளின் நிதியாண்டு எந்த மாதம் முடிகிறது என்று கேளுங்கள். ட்விட்டருக்கும் ஸ்கொயருக்கும் அப்போது டிசம்பரில் முடிந்தது, அதனால் காலாண்டு முடிவுகள் சில வார இடைவெளியில் வந்து நின்றன. நான்கு கம்பெனிக்கு வாரம் ஒரு நாள் என்று பிரித்தால் சராசரியில் நேரம் போதும். ஆனால் கணக்கு முடிக்கும் வாரம், தணிக்கையாளர் உட்காரும் வாரம், வங்கிக்கு அறிக்கை கொடுக்கும் வாரம் எல்லாம் நான்கு பேருக்கும் ஒன்றாகவே வரும். தேவை உச்சத்துக்குப் போகும் நாட்கள் எல்லோருக்கும் ஒரே நாட்கள் என்றால் நீங்கள் அமர்த்தியது வாரத்துக்கு ஒரு நாள் இல்லை, வரிசையில் ஓர் இடம். வேறு வேறு மாதத்தில் ஆண்டு முடியும் கம்பெனிகளை வைத்திருப்பவர், கொஞ்சம் அனுபவம் குறைந்தவராக இருந்தாலும், உங்களுக்கு அதிகம் பயன்படுவார்.

அடுத்தது, அவருக்குக் கீழே யார். நல்ல அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ஒருவர் முழுநேரமாக இருந்தால் பகுதிநேர சிஎஃப்ஓ ஜொலிப்பார். திங்கட்கிழமை காலை அவர் வந்து உட்காரும்போது, அடுத்த 13 வாரத்துக்கான பண வரவு செலவுக் கணிப்பு தயாராக இருக்கும், யார் பணம் தர வேண்டும், எது இழுபடுகிறது என்ற பட்டியலும் இருக்கும், அவர் இரண்டு மணி நேரத்தில் ஐந்து முடிவு எடுத்துவிட்டு மத்தியானம் வங்கியோடு பேசப் போகலாம். அந்த மேனேஜர் இல்லையென்றால், அதே திங்கட்கிழமை முழுக்க அவர் வங்கிப் பதிவையும் கணக்குப் புத்தகத்தையும் ஒத்துப்பார்த்துக்கொண்டிருப்பார். சிஎஃப்ஓ கட்டணத்தில் கணக்கெழுதுபவர் வேலை. செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் குறைப்பவர்கள் ட்விட்டர் 2016 இறுதியில் செய்ததையே சின்ன அளவில் செய்கிறார்கள்.

அதிகாரத்தை எழுதிவைப்பது பற்றி நிறையப் பேர் சொல்லியாகிவிட்டது, நான் ஒரு பகுதியை மட்டும் அழுத்துகிறேன். அவர் வராத நாளில் பெரிய தொகையை யார் அனுமதிப்பது, எத்தனை மணி நேரத்துக்குள் அவர் ஃபோன் எடுக்க வேண்டும், நெருக்கடி என்று யார் அறிவிக்கலாம், அறிவித்தால் கூடுதல் நாட்கள் எத்தனை கிடைக்கும், அதற்குத் தனிக் கட்டணமா? இந்தக் கடைசிப் பாயிண்ட் சங்கடமானது, அதனால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நெருக்கடி வந்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால், அவருடைய வேறு மூன்று வாடிக்கையாளர்களும் அதே நேரத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பொறுப்பு என்பதும் நாட்களைப் போலப் பாதியாகாது. அமெரிக்காவில் பட்டியலிட்ட கம்பெனிகளின் சிஇஓவும் சிஎஃப்ஓவும் நிதி அறிக்கைகளுக்குத் தனிப்பட்ட முறையில் சான்றளிக்க வேண்டும் என்கிறது 2002-ன் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், வாரத்துக்கு இரண்டு நாள் வருபவருக்கு அரைச் சான்று என்று அதில் எதுவும் இல்லை. பிரிட்டன் போன்ற நாடுகளில், டைரக்டர் என்று பெயரில் இல்லாவிட்டாலும் டைரக்டர் போல நடந்துகொள்பவரைச் சட்டம் டைரக்டராகவே பார்க்கலாம். இந்தியாவில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 203-வது பிரிவு, முழுநேர முக்கிய நிர்வாகப் பதவியில் இருப்பவர் துணை நிறுவனத்தைத் தவிர வேறு கம்பெனியில் அதே நேரம் அந்த மாதிரிப் பதவி வகிக்கக் கூடாது என்கிறது. ஆக, விசிட்டிங் கார்டில் சிஎஃப்ஓ என்று போடுவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தில் அந்தப் பெயருக்கு என்ன கனம் என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். டைரக்டர்கள் மேல் வழக்கு வந்தால் ஈடுகட்டும் கம்பெனிக் காப்பீட்டில் அவர் பெயர் உண்டா என்பதையும். நல்ல ஃபிராக்‌ஷனல் ஆட்கள் இதைத் தாங்களாகவே கேட்பார்கள். கேட்காதவர், உண்மையில் முடிவெடுக்கும் எண்ணத்தோடு வரவில்லை, ஆலோசனை சொல்லிவிட்டுப் போகத்தான் வருகிறார் என்று எடுத்துக்கொள்வேன்.

எந்தப் பதவியைப் பகிரலாம் என்பதில் என் வரிசை இது. நிதி, சட்டம், தகவல் பாதுகாப்பு ஆகியவை நன்றாகப் பகிரப்படும், கீழே ஓர் ஆள் இருந்தால். மார்க்கெட்டிங் திசை காட்டும் அளவுக்குப் பகிரலாம், விளம்பர ஏஜென்சிகளைத் தினமும் மேய்க்கும் வேலை என்றால் வேண்டாம். சிஓஓ பதவி கிட்டத்தட்ட முடியாது, தினமும் இருப்பதுதான் அந்த வேலையே. சிஇஓ கடைசி. பாதி சிஇஓ வைப்பதாக இருந்தால் முழு சிஓஓ ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அவர் கிளம்பினால் அன்றே இந்த ஏற்பாட்டை மறுபரிசீலனைக்கு எடுக்க வேண்டும். ட்விட்டர் போர்டு 2016 நவம்பரில் அதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பங்கு கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பகுதிநேர ஆளுக்கு ரொக்கம் குறைத்துப் பங்கு தருவது புதுக் கம்பெனிகளில் வழக்கம். தரலாம், ஆனால் மற்ற இடங்களில் அவருக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தாருங்கள். உங்களிடம் மாதக் கட்டணம் மட்டும், பக்கத்துக் கம்பெனியில் 3 சதவீதப் பங்கு என்றால், இரண்டு ஃபோனும் ஒன்றாக அடிக்கும்போது எதை எடுப்பார் என்று யோசிக்க வேண்டியதில்லை.

வெளியேற்றம்

2021 நவம்பர் 29-ம் தேதி டோர்சி ட்விட்டர் சிஇஓ பதவியிலிருந்து விலகினார். அன்றே, அந்த நிமிடமே, சிடிஓவாக இருந்த பராக் அக்ரவால் சிஇஓ. 2011-லிருந்து கம்பெனியில் இருந்தவர். டோர்சி சில மாதம் போர்டில் இருந்துவிட்டு 2022 மே மாதம் அதையும் முடித்துக்கொண்டார். ஸ்கொயர் டிசம்பரில் பிளாக் என்று பெயர் மாறியது, அங்கே அவர் தொடர்ந்தார். 2015-ல் மாதக்கணக்கில் தேடிக் கடைசியில் சொன்ன நிபந்தனையையே கைவிட்ட போர்டு, இந்த முறை ஒரு நாள்கூட இடைவெளி விடவில்லை. நடுவில் வந்து போன அந்தத் தற்காலிகக் குழுவின் வேலையே அடுத்த ஆள் யார் என்று யோசிப்பதாக இருந்தது.

ஃபிராக்‌ஷனல் ஒப்பந்தங்களில் நான் பார்த்தவரை அதிகம் விடுபடுவது இந்தப் பகுதிதான். முடிவு தேதியும் முன்னறிவிப்புக் காலமும் இருக்கும், அவருக்கு அடுத்து யார் என்பது இருக்காது. அடுத்த முழுநேர ஆளைத் தேர்ந்தெடுத்துப் பழக்கிவிடுவதையும் அவருடைய வேலைப் பட்டியலிலேயே முதல் மாதத்தில் சேர்த்துவிடுவது நல்லது, அதற்குத் தனியாக ஒரு தொகை வைத்தாலும் நஷ்டமில்லை. கூடவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து நாட்களைக் கூட்டுவதா, குறைப்பதா, முழுநேர ஆளுக்கு மாறுவதா என்று முடிவெடுத்து எழுதிவைக்க வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு அக்கவுண்ட்ஸ் மேனேஜரையும் கூப்பிடுங்கள். சிஎஃப்ஓ வராத நாட்களில் என்ன நடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.